நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஜனவரி 5, திங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் ஊரும் எழுத வேண்டும் என்கிறாள் என் மனைவி பிரகாசி. எழுதிவிடுகிறேன். கஸ்பார், புன்னைக்காயல். வள்ளத்தின் பெயர் சகாய அன்னை. முப்பதடி நீளம். நடுவில் மரப்பெட்டிக்குள் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். எனக்கும் பிரகாசியின் அண்ணன் சிலுவை மச்சானுக்கும் பாதிப் பாதி. நண்டு வலைக்குப் போகிறோம். ஆள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்டோபரில் நின்றுபோன எஞ்சின் இன்று மறுபடி ஓடியது. தூத்துக்குடியிலிருந்து வந்த மெக்கானிக் கிராங்க், பேரிங் எல்லாம் மாற்றி முடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது. புதிதாக ஒரு மீட்டரும் வைத்திருக்கிறார். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது காட்டும். முதல் ஐம்பது மணியில் ஆயில் மாற்ற வேண்டும், பிறகு நூறு மணிக்கு ஒருமுறை என்றார்.

ஆற்று முகத்துவாரம் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினோம். இறங்கும்போது மச்சான் சொன்னார்: "மாப்ள, இனி அந்தப் பெட்டிக்குள்ள என்ன வேலை நடந்தாலும் தேதி போட்டு எழுதி வையும். எவனும் வந்து நம்மள ஏமாத்திட்டுப் போவக்கூடாது."

எவன் என்று அவர் யாரைச் சொல்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

மீட்டர்: 1 மணி.

ஜனவரி 8, வியாழன்

மீட்டர் 14. ஆயில் அளவு சரி. பெல்ட் சரி.

எஞ்சின் நோட்டு என்றால் பழையதையும் எழுத வேண்டும் அல்லவா. அக்டோபரில் நடந்தது இதுதான். கரையிலிருந்து பதினாறு கடல் மைல் தொலைவில் எஞ்சின் இறுகி நின்றது. ஹேண்டில் போட்டுச் சுற்றினோம். மச்சான் பலம் எல்லாம் கொடுத்துச் சுற்றியபோது ஹேண்டில் திருப்பி அடித்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் நீரோட்டம் இழுத்த பக்கம் போனோம். குடிக்க ஒரு போத்தல் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. "எனக்கு விடாயே இல்ல மாப்ள, நீரு குடியும்" என்று மச்சான் தன் பங்கையும் எனக்குத் தந்தார். மூன்றாம் நாள் காலையில் ஒரு மணப்பாட்டு வள்ளம் எங்களைப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது.

ஆகஸ்டில் அந்த எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தவன் ஆத்தூர் சொரிமுத்து. அவன் வேலை சரியில்லாததால்தான் நின்றது என்று மச்சான் கட்டுப்போட்ட கையோடு மீன் ஏலக்கூடத்தில் நின்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

நானும் அன்று ஏலக்கூடத்தில்தான் இருந்தேன்.

ஜனவரி 12, திங்கள்

மீட்டர் 27. நண்டு சுமார்.

ஜனவரி 17, சனி

மீட்டர் 50. முதல் ஆயில் மாற்றம். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஆற்றில் கட்டியபடியே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். சூடான ஆயில் இளகி வரும், அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். பிறகு நிறுத்தினேன். லாரி என்றால் அடியில் படுத்துத் திருகைக் கழற்றினால் போதும். வள்ளத்தில் எஞ்சினுக்கு அடியில் கை நுழையாது. ஆகவே அளவுக் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளைக்குள் மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, கை பம்ப் வைத்து மேலே உறிஞ்ச வேண்டும். நூறு, நூற்றைம்பது முறை இழுக்க வேண்டியிருந்தது. பழைய ஆயிலை ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் கேனில் பிடித்தேன்.

ஃபில்டர் பிடிவாதம் பிடித்தது. ஆயில் பட்டுக் கை வழுக்கியது. உப்புத்தாளைச் சுற்றித் திருப்பியதும் அசைந்தது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினேன். புது ஆயில் ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து அளவு பார்த்தேன். கம்பியில் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. எங்கும் கசிவு இல்லை.

முக்கால் மணி நேர வேலை. அவ்வளவுதான். முக்கால் மணி நேரம்.

ஆயில் வாங்கக் கடைக்குப் புறப்பட்டபோது பிரகாசி கேட்டாள்: "கட்டிலுக்கு அடில ஒரு கேன் கெடக்கே?"

"அது பழசு."

"மூடியே தெறக்கலியே."

"பழசுன்னா பழசுதான் பிரகாசி."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கப் போனபோது நான் போகவில்லை. ஏன் என்று பிரகாசி கேட்டாள். காலையில் டீ குடித்துவிட்டேன், வெறும் வயிறு இல்லை என்றேன். அக்டோபரிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் டீ குடிக்கிறேன் போலிருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

மீட்டர் 88. வலைக்கயிறு வாங்க ஆத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டில் சொரிமுத்து நின்றிருந்தான். தோளில் ஸ்பேனர் பை. முப்பத்தெட்டு வயதுதான் இருக்கும். இளைத்திருந்தான். இப்போது வாழைத்தோட்டங்களில் தண்ணீர் மோட்டார் பார்க்கிறானாம், டீக்கடையில் சொன்னார்கள்.

அவன் என்னைப் பார்ப்பதற்குள் நான் கடைக்குள் போய்விட்டேன். வாங்க வேண்டிய கயிற்றை விட்டு வேறு கயிறு வாங்கி வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, புதன்

மீட்டர் 122. நண்டு நன்றாகப் பட்டது. கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும்போது பக்கத்து வள்ளத்து ராயனிடம் மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மாப்ளயப் பாருடே. எஞ்சினக் கைப்பிள்ள மாதிரில்லா பாத்துக்கிடுதாரு. அந்த ஆத்தூர்க்காரன் கெடுத்தத இவருதான் காப்பாத்திட்டிருக்காரு."

அவருக்கு வலது கையில் இன்னும் பிடி வரவில்லை. கயிற்றை இடது கையால்தான் இழுக்கிறார். மதியம் சோறு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மீட்டர் 149. இரண்டாவது ஆயில் மாற்றம். நூற்றைம்பதுக்கு ஒரு மணி குறைவாகவே செய்துவிடலாம் என்று இன்று கரைக்கு வந்ததும் தொடங்கினேன்.

பம்ப்பை இழுத்தேன். குழாயில் ஏறி வந்தது கறுப்பாக இல்லை. பாலூற்றிய டீ மாதிரி இருந்தது. கேனில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினைக் குளிர வைக்க உள்ளே ஓடுகிற கடல் தண்ணீர் எங்கோ வழி கண்டுபிடித்து ஆயிலுக்குள் போகிறது.

ஒரு நிமிடம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். புது ஆயிலை ஊற்றி மூடிவிட்டால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் ஓடும். பிறகு எங்கேயாவது நடுக்கடலில் நிற்கும். இந்த யோசனை எனக்கு வந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிப்ரவரி 11, புதன்

தூத்துக்குடி மெக்கானிக்கிடம் போனில் பேசினேன். வேறு வேலைகள் இருக்கின்றன, மாதக் கடைசிக்கு முன் வர முடியாது என்றார். அதுவரை உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் புதுப் பேரிங்கெல்லாம் துருப்பிடித்துவிடும்.

"வேற ஆளு யாராச்சும் கெடைக்காமலா போவான்? பாரும்" என்றார் மச்சான்.

பிரகாசி நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் வேலை முடிந்து வந்து, கையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அந்த எஞ்சினப் பத்தி சொரிமுத்துக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்? போய்க் கூப்பிடுங்க."

"மச்சான் விடமாட்டாரு."

"அண்ணனக் கேக்கல. ஒங்களத்தான் சொல்லுதேன்."

பிப்ரவரி 12, வியாழன்

ஆத்தூர் போனேன். வேலைக்குக் கூப்பிடுவது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

வாய்க்கால் ஓரம் ஒரு வாழைத்தோட்டத்தில் மோட்டாரைப் பிரித்துச் சாக்கில் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தான் சொரிமுத்து. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்க அண்ணாச்சி. அண்ணி சொகமா?"

விஷயத்தைச் சொன்னேன். ஆயிலின் நிறத்தைச் சொன்னதும் அவன் முகத்தில் மெக்கானிக் வந்துவிட்டான். "எவ்வளவு தண்ணி ஏறியிருக்கு? பொகை வெள்ளையா வருதா? ஹெட் கேஸ்கட்டாத்தான் இருக்கும்" என்றான். அப்புறம் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"நான் வரல அண்ணாச்சி."

"மச்சான் பேசுனத மனசுல வச்சுக்கிடாத…"

"அதுக்கில்ல." கையிலிருந்த கிரீஸைச் சாக்கில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "எனக்கு வள்ளத்து எஞ்சினத் தொடவே பயமா இருக்கு. இந்த மோட்டாரு நின்னா வாழை வாடும், அவ்வளவுதான. கடல்ல நின்னா ஆளு போயிரும்லா. அக்டோபர்ல நீங்க கரைக்கு வந்த அன்னியிலேர்ந்து, ஆகஸ்டுல நான் முடுக்குன ஒவ்வொரு போல்டையும் நெனச்சுப் பாக்கேன். எது விட்டுப்போச்சு, எங்க தப்புப் பண்ணுனேன்னு. பத்துப் பன்னெண்டு நாளு தூங்கல. என் பொண்டாட்டி கோயில்ல போயி மந்திரிச்சுக் கயிறு கட்டிவிட்டா. ரெண்டு பேரக் கொன்னிருப்பேனே அண்ணாச்சி."

நான்கு மாதமாக நான் எதை எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வருமானம் போயிற்றே என்று நினைத்தேன். என் மேல் கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். அவனே தன்னைக் குற்றவாளி என்று நம்பிவிட்டான் என்பது ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

"நீ இல்ல சொரிமுத்து" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. "நீ ஆகஸ்டுல ஊத்துன ஆயிலத்தான் அக்டோபர் வரைக்கும் ஓட்டுனேன். நான் மாத்தவே இல்ல. மாத்திட்டேன்னு மச்சான்ட்ட பொய் சொன்னேன்."

அவன் என்னையே பார்த்தான். "ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல. நின்ன அன்னைக்கி கம்பிய உருவிப் பாத்தேன். தார் மாதிரி இருந்துச்சு."

"அப்ப நான் இல்லயா?"

"நீ இல்ல."

அவன் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினான். நெடுநேரம் கழுவினான். ஏறி வந்தபோது கண் சிவந்திருந்தது. இப்போதுதான் கோபம் வந்தது. "எஞ்சினப் பிரிச்சப்ப ஒருத்தராவது என்னைக் கூப்பிட்டுக் காட்டுனீங்களா? நாலு மாசம் அண்ணாச்சி! போங்க. இப்ப இங்கருந்து போயிருங்க."

நடந்தேன். வரப்பின் முனைக்குப் போனபோது பின்னாலிருந்து கத்தினான்.

"அந்த ஆயில இன்னைக்கே உறிஞ்சிருங்க! தண்ணி வர்ற வால்வ மூடுங்க. புது ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணாம ஹேண்டிலப் போட்டுக் கையால மெதுவா முப்பது சுத்து. நாளைக்கு மறுபடி உறிஞ்சிட்டு மறுபடி ஊத்துங்க. பால் நெறம் போற வரைக்கும் தெனமும். அந்த எஞ்சின் என்ன பாவம் பண்ணுச்சு!"

திரும்பி நின்று, வருவாயா என்று கேட்டேன்.

"சத்தம் போட்ட எடத்துல, சத்தமாச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்று மதியம் நடந்ததை எழுதச் சோர்வாக இருந்தது. இன்று எழுதுகிறேன்.

ஆத்தூரிலிருந்து வந்ததும் கட்டிலுக்கு அடியில் இருந்த கேனை எடுத்தேன். சென்ற செப்டம்பரில் மச்சான் தன் கையால் வாங்கித் தந்த ஆயில். அப்போது ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் குனிந்து முக்கால் மணி நேரம் இருக்கச் சோம்பல். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஐந்து வாரம். மச்சான் கேட்டபோது, மாற்றிவிட்டேன் என்று சொல்வது மாற்றுவதைவிட எளிதாக இருந்தது.

பிரகாசி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்துட்டீங்களா?" என்றாள். "நாலு மாசமாப் பெருக்கும்போதெல்லாம் அதத் தள்ளித் தள்ளி வச்சிட்டிருக்கேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"நீங்க கடல்ல கெடந்த ரெண்டு நாளும் சிலுவை அண்ணன் வீட்டு மைனியும் நானும் கரையிலதான் நின்னோம். செபமாலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அது கைதவறிக் கட்டிலுக்கு அடில போச்சு. குனிஞ்சா கேன் இருக்கு, மூடி தெறக்காம. அப்பமே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"உசுரோட வந்தாப் போதும்னு இருந்துச்சு. வந்தீங்க. அப்புறம் இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நானும் தப்புத்தான் பண்ணிட்டேன். அந்தப் பயல ஊரே பேசும்போது நானும் வாய மூடிட்டுத்தான இருந்தேன்."

அந்த ஆயிலையே ஊற்றினேன். ஹேண்டில் போட்டு முப்பது சுற்று. இன்று உறிஞ்சிப் பார்த்தேன். இன்னும் வெளுப்புதான், ஆனால் நேற்றுக்கு இன்று குறைவு.

பிப்ரவரி 14, சனி

மச்சான் ஆற்றங்கரையில் வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தார். இடது கையால் முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் மணலில் உட்கார்ந்தேன்.

"மச்சான், நான் ஆயில் மாத்தல."

அவர் தலையைத் தூக்கவில்லை. "எப்ப?"

"மாத்தவே இல்ல. செப்டம்பர்ல நீங்க வாங்கித் தந்த கேன் வீட்டுலதான் இருந்துச்சு. சொரிமுத்து மேல தப்பு இல்ல. பேரிங் எரிஞ்சது என்னாலதான்."

"மாத்திட்டேன்னு சொன்னீரு."

"சொன்னேன்."

"கடல்ல கெடக்கும்போதும் கேட்டேன்."

"ஆமா."

அவர் மிதவையைக் கீழே வைத்தார். முறிந்து கூடிய மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். வலித்ததா, சும்மா பிடித்தாரா தெரியவில்லை.

"எனக்கு விடாய் இல்லன்னு நான் ஒரு பொய் சொன்னேன்" என்றார். "அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு நீரு எங்கிட்ட ஒரு பொய் சொன்னீரு."

வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மிச்ச மிதவைகளை நான் கட்டி முடித்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்மை வாங்கினேன். மச்சான் வழக்கமாக உட்காரும் இடத்தில் இல்லை. பின்னால் நின்றாராம்.

பிப்ரவரி 16, திங்கள்

உறிஞ்சல். புது ஆயில். முப்பது சுற்று. மச்சான் வரவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நிறம் தேறிவிட்டது. இன்று வந்த ஆயில் கிட்டத்தட்டத் தேன் நிறம். பேரிங் பிழைத்துவிடும் என்று நினைக்கிறேன். சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. பிரகாசியிடம் கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். நண்டுக் கம்பெனி வாசலில் வைத்து. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், வெயிலில் சாய்த்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். வரிசையில் எனக்கு நான்கு ஆள் முன்னால் மச்சான் நின்றார். சாம்பல் பூசிக்கொண்டு திரும்பும்போது என்னைக் கடந்துதான் போனார். நெற்றி தெரிந்தது. கண் தெரியவில்லை.

அவர் மனைவி, மைனி மட்டும் வெளியே வந்து, "நாலு நாளா ஒரு வார்த்த பேசல. ரெண்டு வேளயும் சாப்பாட்ட அளையுதாவ. நீங்களும் இப்படிப் பண்ணிட்டியளே" என்றார்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று காலை ஏழு மணிக்கு ஏலக்கூடத்துக்கு வரச்சொல்லி மச்சான் மைனியிடம் சொல்லி விட்டிருந்தார். போனேன். நண்டு, மீன் எல்லாம் இறங்கி நல்ல கூட்டம். பிரகாசியும் கம்பெனிப் பெண்களோடு நின்றாள்.

மச்சானின் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் சொரிமுத்து. மடியில் ஸ்பேனர் பை. மச்சான் காலையிலேயே ஆத்தூர் போய் அவன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். இது பிறகு தெரிந்தது.

அவனைக் கண்டதும் பேச்சு அடங்கியது. மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு, நிறைந்த கூடத்தின் நடுவில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இதே எடத்துல நின்னு இவனப் பேசுனேன். எல்லாரும் கேட்டிய. நான் பேசுனது தப்பு. விசாரிக்காமப் பேசிட்டேன். மிச்சத்த எம் மாப்ள சொல்லுவாரு."

என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு வழிவிட்டு ஓரமாக நகர்ந்தார்.

நான் சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆயில் மாற்றவில்லை, பொய் சொன்னேன், இவன் பேரைக் கெடுக்க விட்டேன், மூன்றையும் சொன்னேன். குரல் போதவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "கேக்கல, சத்தமாச் சொல்லும்வே" என்றார். மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.

பிறகு ராயன், "நாலு மாசமாவா?" என்றான். ஏலம் விடுகிற தெரசம்மாக்கா, "நாங்களும் அந்தப் பயல ஒரு வாய்த் தண்ணி குடிக்கியான்னு கேக்காம வெரட்டுனோம்" என்றார். வேறு ஒருவர் என் காதில் படும்படியே, இனி இந்தக் கஸ்பார் சொல்வதை யார் நம்புவது என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை.

சொரிமுத்து பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். எல்லோரும் அவன் என்ன சொல்வான் என்று பார்த்தார்கள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள ஹெட்டக் கழத்தணும் அண்ணாச்சி" என்றான் என்னிடம். "போவோமா?"

அவன் ஊகித்தது சரி. ஹெட் கேஸ்கட்டில் ஒரு மூலை அரித்திருந்தது. தூத்துக்குடிக்காரர் போட்டபோது மடங்கியிருக்கலாம் என்றேன். "யாரையும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. நாம பாத்தமா?" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி போல்டை முடுக்கும்போது அவன் பாதியில் நின்றான். மூச்சு விட்டு, மறுபடி முடுக்கினான். பிறகு எல்லா போல்டையும் ஒருமுறைக்கு இரண்டு முறை தொட்டுப் பார்த்தான். நான் அவசரப்படுத்தவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் கடைசி ஆயில் மாற்றம். சொரிமுத்து பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "நீங்களே செய்ங்க" என்றான். செய்தேன். உறிஞ்சினேன், ஃபில்டர் மாற்றினேன், ஊற்றினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவியபோது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டான்.

வால்வைத் திறந்தேன். ஸ்டார்ட் செய்தேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சொரிமுத்து கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டான். புகை வெள்ளையாக இல்லை. இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கம்பியை உருவி அவனிடம் நீட்டினேன். அவன் இரண்டு விரலால் ஆயிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். சுத்தமான தேன் நிறம்.

"நல்லாருக்கு" என்றான். அப்புறம் சிரித்தான். அக்டோபருக்குப் பிறகு அவன் சிரித்து நான் இன்றுதான் பார்க்கிறேன்.

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று பிரகாசி சொல்லியிருந்தாள். ஆனால் அவன் கரையில் இறங்கியதும் ராயன் பிடித்துக்கொண்டான். "எய்யா சொரிமுத்து, நம்ம எஞ்சின்ல ஒரு தட்டல் கேக்குது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போய்யா." அதை முடிப்பதற்குள் இன்னொரு வள்ளத்தில் கூப்பிட்டார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வள்ளமாக அவன் தாவி ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. நாலரை மணிக்குத்தான் சாப்பிட வந்தான். நண்டுக் குழம்பை இரண்டு முறை சூடாக்கினாள் பிரகாசி. மூன்றாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மச்சான் வரவில்லை. வருவார் என்று நானும் நினைக்கவில்லை.

சொரிமுத்துவை ஐந்தரை மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஆற்றங்கரை வழியாக வந்தேன். மச்சான் எங்கள் வள்ளத்தில் இருந்தார். வலையைப் பாதி ஏற்றி மடித்து வைத்திருந்தார், ஒற்றைக் கையால். நான் கால் கழுவி ஏறி மறு முனையைப் பிடித்தேன். அவர் தள்ளிவிடவில்லை. இரண்டு பேரும் மடித்தோம். மிதவை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம்.

முடிந்ததும் அவர் பெட்டியைத் திறந்து, தானே அளவுக் கம்பியை உருவினார். சாயங்கால வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன். இனி எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் அவர் பார்க்கட்டும்.

கம்பியைச் செருகிப் பெட்டியை மூடினார். கரையில் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்:

"நாளைக்கி எத்தன மணிக்கு மாப்ள?"

"மூணரை மச்சான்" என்றேன்.

"மூணேகாலுக்கு வாரும்" என்றார். "ஆத்துல நீர் வத்திரும்."